பாக்ஸ்டர் 986: இண்டிகேட்டர் பல்பு புதுசு, ஆனாலும் வேகமாகத் துடிக்கிறது

வணக்கம். போர்ஷே பாக்ஸ்டர் 986 கார், முன் இடது இண்டிகேட்டர். பல்பு மாற்றிய பிறகும் இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கிறது. வலது பக்கம் சரியாக இருக்கிறது.

செய்தவை: முன் டிக்கியின் கார்ப்பெட்டை விலக்கி, ரப்பர் மூடியைக் கழற்றி, டூல் கிட்டில் உள்ள சாவியால் பூட்டுத்தண்டைத் திருப்பியதும் விளக்கு முழுசாக முன்னால் நழுவி வந்துவிட்டது. இழுக்கும்போது பம்பர் பெயின்ட்டில் கீறல் விழும், டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. லென்ஸ் வெள்ளை என்பதால் ஆரஞ்சு நிற பிஒய்21டபிள்யூ, 12 வோல்ட் 21 வாட் பல்பு போட்டேன். இதன் இரண்டு ஊசிகளும் நேரெதிராக இருக்காது, 150 டிகிரி கோணத்தில் இருக்கும். ஊசிகள் நேரெதிராக இருக்கும் சாதாரண பி21டபிள்யூ பல்பு இந்த ஹோல்டரில் உட்காராது. எல்இடி இல்லை, அதனால் பல்பே குறைந்த மின்னோட்டம் எடுப்பது காரணம் ஆகாது. அதே பல்பை வலது பக்கம் போட்டால் ஒழுங்காக எரிகிறது.

ஹோல்டரின் நடுத் தகடு பழுப்பேறி, அழுத்தினால் திரும்ப எழும்பவில்லை. மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. லோடு இல்லாமல், அதாவது பல்பு எரியாதபோது எடுத்த அளவு என்பதால் அதை நம்ப முடியாது.

கேள்வி இரண்டு. ஹோல்டர் தகட்டை மட்டும் மாற்ற வழி உண்டா? விளக்கு உள்ளே தள்ளும்போது தானாகச் சேரும் பின்பக்க கனெக்டரில், இண்டிகேட்டரின் எர்த் எந்த ஊசி (பின்)? 21 வாட் டெஸ்ட் லாம்ப் வைத்து அதைச் சோதிக்க வேண்டும்.