வலப்பக்கம் மட்டும் சுழல்கிறது, நேரே போனால் முன்சக்கரம் நடுங்குகிறது: ஆர்சி டிரிஃப்ட் கார், உதவி தேவை

ஆவடி_ரிமோட்

எல்லோருக்கும் வணக்கம். ரிமோட்டில் ஓடும் டிரிஃப்ட் கார், அதாவது வாலைச் சறுக்கவிட்டு ஓட்டுவது. 1/10 அளவு, பின்சக்கர இயக்கம், மாடல் எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ் 2.0. கைமாற்றாக வாங்கியது. 13.5டி சென்சார் பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் ஷார்ட்டி லிபோ பேட்டரி. முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோவும், வால் வீசும்போது தானாக எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும் ஜைரோவும் பெயர் சொல்லும்படியான பிராண்டு இல்லை, விலையைப் பார்த்து எடுத்தவை. ஓட்டுவது எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள பார்க்கிங்கில். எபாக்ஸி பூசிய வழுவழு தரை. காலையில் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போன பிறகுதான் நமக்கு இடம்.

இடது பக்கமாக வட்டம் போட்டால் நிதானமாகச் சுற்றுகிறது. வலது பக்கமாகப் போட்டால் பாதி வட்டத்திலேயே வால் முன்னுக்கு வந்து கார் திரும்பி நின்றுவிடும். இது ஒன்று. இன்னொன்று, நேராக வேகம் எடுத்தால் முன்சக்கரங்கள் படபடவென்று நடுங்குகின்றன. ஜைரோ கெயினை (அது எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவை) குறைத்தால் நடுக்கம் நிற்கிறது, ஆனால் அப்போது இடது வட்டமும் கெட்டுப்போகிறது.

வலது பக்கத்துக்கு ஸ்டியரிங் போதவில்லையோ என்று டிரான்ஸ்மிட்டரில் வலது எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லையை) ஏற்றிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. டயரை மாற்றவா, சர்வோவை மாற்றவா? காசு போடும் முன் கேட்டுக்கொள்கிறேன்.

சேலம்_ஸ்பீடு

சுழன்றால் கெயின் போதவில்லை என்று அர்த்தம் ப்ரோ. ஏற்றி வையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் டயர்தான். எபாக்ஸி தரைக்கு இன்னும் பிடிமானம் உள்ள டயர் தேவை.

கிள்ளான்_வாசி

கெயின் குறைவு என்றால் இரண்டு பக்கமும்தானே சுழல வேண்டும்? டயரும் அப்படித்தான். பின்னால் இரண்டும் ஒரே டயர் என்றால் தரை வலது இடது பார்க்காது. ஜைரோவின் திசை தலைகீழாக இருந்தாலும் இரண்டு பக்கமும் காலி. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதுமே பம்பரமாகச் சுற்றும். உங்கள் கார் ஒரு பக்கம் ஒழுங்காகப் போகிறது என்பதே பெரிய துப்பு. ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது என்றால் ஸ்டியரிங்கில் ஏதோ ஒரு பக்கம் குறைகிறது.

எது குறைகிறது என்பதில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள். வலது வளைவில் கார் சறுக்கும்போது வால் இடப்பக்கம் வீசும், முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பி அதைத் தாங்க வேண்டும். ஆகவே வலது வட்டத்தில் சுழன்றால் உங்களுக்குப் போதாமல் இருப்பது இடது லாக், அதாவது சக்கரம் இடப்பக்கம் திரும்பும் கடைசி அளவு. நீங்கள் ஏற்றியது வலது எண்ட் பாயிண்ட், வித்தியாசம் எப்படித் தெரியும்?

இப்படிப் பாருங்கள். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, கெயினைப் பூஜ்யத்தில் வைத்து, காரை மேசைமேல் வையுங்கள். முழு இடது, முழு வலது திருப்பி, மேலிருந்து ஒரு போட்டோ இரண்டுக்கும் எடுங்கள். 60, 65 டிகிரி இரண்டு பக்கமும் வர வேண்டும். பாடியைப் போட்டும் ஒருமுறை பார்க்கவும். டயர் பாடியின் உள்விளிம்பில் இடித்தால் அதோடு சரி, சர்வோ எவ்வளவு தள்ளினாலும் போகாது. அப்புறம் சப் ட்ரிம் (சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் செட்டிங்) எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

ஆவடி_ரிமோட்

நன்றி அண்ணே. போட்டோ எடுத்துப் பார்த்தால் கண்ணாலேயே தெரிகிறது, இடது லாக் நன்றாகவே குறைவு. பாடியில் இடிக்கவில்லை. சப் ட்ரிம் ஒரு பக்கமாக ஏறக்குறைய கடைசி வரை போயிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் அப்படியே விட்டிருக்கிறார் போல. சர்வோ ஹார்னும் (சர்வோ தண்டில் மாட்டும் கை) நேராக இல்லை, சாய்ந்து நிற்கிறது.

கிள்ளான்_வாசி

கிடைத்துவிட்டது. ஹார்னைச் சர்வோ தண்டின் தப்பான பல்லில் மாட்டி, சக்கரம் நேராக நிற்கட்டும் என்று சப் ட்ரிம்மில் இழுத்திருக்கிறார்கள். சர்வோ நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது, அந்தப் பக்கம் மேற்கொண்டு போக இடமில்லை.

சப் ட்ரிம், ட்ரிம் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். ரேடியோவைப் போட்டு, சர்வோ நடுவுக்கு வந்த பிறகு ஹார்னைக் கழற்றி, அதிலிருந்து போகும் இழுகம்பிக்குச் செங்குத்தாக வரும் பல்லில் மாட்டுங்கள். சரியாக 90 டிகிரி எந்தப் பல்லிலும் வராது, அந்த மிச்சத்துக்கு மட்டும்தான் சப் ட்ரிம். பிறகு சக்கரங்களைத் தள்ளும் இடது வலது டை ராடு இரண்டும் ஒரே நீளமா என்று காலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள். கடைசியில் எண்ட் பாயிண்ட். சர்வோ முனகும் இடம் வரை கொண்டுபோய், அங்கிருந்து ஒரு சொட்டு பின்னால் வாருங்கள். முனகலோடு விட்டால் சர்வோ சூடாகிச் செத்துவிடும்.

ஒன்று கவனம்: ஜைரோ ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் போட்ட எல்லை உங்கள் விரலுக்குத்தான் எல்லை. பல ஜைரோக்கள் அதை மதிக்காமல் தாண்டித் தள்ளும். உங்கள் ஜைரோவில் தனியாக லிமிட் அமைப்பு இருந்தால் அதையும் இதே நேரத்தில் வைத்துவிடுங்கள்.

சோல்டர்_மாமா

நடுக்கத்துக்கு நான் வருகிறேன். நேரே போகும்போது நடுங்குவதை ஹண்டிங் என்போம். வால் கொஞ்சம் அசைகிறது, ஜைரோ திருத்தம் அனுப்புகிறது. அது சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வால் திரும்பி வந்துவிடுகிறது. திருத்தம் இப்போது தப்பான பக்கம் விழ, அதற்கு இன்னொரு திருத்தம். இப்படியே போகும். கெயினைக் குறைத்தால் நிற்கும், ஆனால் தாமதம் அப்படியேதான் இருக்கும். தாமதம் எங்கே என்று தேடு தம்பி.

முதலில் சர்வோவைப் பிடித்துக்கொண்டு ஒரு முன்சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார். சர்வோ நகராமல் சக்கரம் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவும் இழப்பு. கைமாற்று காரில் பால் எண்டுகள் (ஸ்டியரிங் கம்பிகளின் முனை மூட்டுகள்) தேய்ந்திருக்கும், சர்வோவின் அசைவை டை ராடுக்குக் கடத்தும் பெல் கிராங்கின் பேரிங் லொடலொடக்கும். முக்கியமாக, சர்வோ சேவர் இருக்கிறதா? அந்த ஸ்பிரிங் வைத்த ஹார்ன், மோதலில் சர்வோ பல்லைக் காப்பாற்ற வைப்பது. டிரிஃப்ட் காரில் ஜைரோவோடு அது ஒத்துவராது. கழற்றிப் போட்டுவிட்டு கெட்டியான அலுமினிய ஹார்ன் போடு.

இரண்டாவது, ஜைரோ எப்படி ஒட்டியிருக்கிறது? தரைக்கு இணையாக, ஆடாமல், மோட்டாரை விட்டு விலகி இருக்க வேண்டும். தடித்த பஞ்சு டேப்பில் ஒட்டினால் பெட்டி தனியாக ஆடும், கார் ஆடுவதாக ஜைரோ நினைத்துக்கொள்ளும். சுவிட்சைப் போட்டதும் காரைக் கையில் தூக்காதே. அந்த முதல் சில விநாடிகளில்தான் ஜைரோ தன் நிலையைப் பதிவு செய்துகொள்கிறது.

சேலம்_ஸ்பீடு

மாமா, பெயர் தெரியாத சர்வோ என்கிறார். நேராக வேகமான சர்வோ ஒன்று வாங்கினால் முடிந்துவிடாதா? எதற்கு இவ்வளவு சுற்று?

சோல்டர்_மாமா

லொடலொடப்பை வைத்துக்கொண்டு வேகமான சர்வோ போட்டால், அது வேகமாக லொடலொடக்கும். 50 ரூபாய் வேலையை முதலில் முடிக்கட்டும், சர்வோ எங்கும் ஓடிப்போகாது. அனலாக் சர்வோவாக இருந்தால் மட்டும் நீ சொல்வது சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். தம்பி, பெட்டியில் டிஜிட்டல் என்று போட்டிருக்கிறதா? எத்தனை வோல்ட்?

ஆவடி_ரிமோட்

டிஜிட்டல்தான் மாமா. 6 வோல்ட், 7.4 வோல்ட் இரண்டுக்கும் வேகம் போட்டிருக்கிறது.

நிலவரம் சொல்கிறேன். ஹார்னைச் செங்குத்தாக மாட்டி, எண்ட் பாயிண்ட் வைத்தாயிற்று. இப்போது இரண்டு பக்கமும் போட்டோவில் ஒரே கோணம். வலது வட்டம் போகிறது! சர்வோ சேவர் இருந்தது, எடுத்துவிட்டேன். ஒரு பால் எண்டு படுமோசம், அதையும் மாற்றினேன். நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது, பார்க்கிங்கின் நீளம் முழுக்க முறுக்கினால் மட்டும் கடைசியில் எட்டிப் பார்க்கிறது.

சோல்டர்_மாமா

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியில் பிஇசி, அதாவது சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி, எத்தனை வோல்ட் கொடுக்கிறது என்று பார். 6இல் இருந்தால், உன் சர்வோ 7.4 தாங்கும் என்று எழுதியிருப்பதால், ஏற்றிக்கொள்ளலாம். அதே சர்வோ வேகமாகத் திரும்பும். ரிசீவரும் ஜைரோவும் அந்த வோல்டேஜைத் தாங்குமா என்று அதன் தாளில் பார்த்த பிறகு செய். தாங்காது என்றால் தொடாதே, புகை வரும். அதற்கும் மேல் மிச்சம் இருக்கும் நடுக்கத்துக்கு மட்டும் கெயினில் கை வை.

ஆவடி_ரிமோட்

மூன்றும் தாங்கும் என்று போட்டிருந்தது. ஏற்றினேன், கெயினை ஒரு பொடி குறைத்தேன். நேரே போனால் சக்கரம் அமைதி. சேலம் ப்ரோ, டயர் காசு மிச்சம்!

இன்னொரு சந்தேகம். வட்டம் இரண்டு பக்கமும் வருகிறது. எட்டு போடும்போது நடுவில் பக்கம் மாற்றும் இடத்தில் கார் ஒன்று நேராகிப் பிடித்துக்கொள்கிறது, இல்லையென்றால் மறுபக்கம் முழுசாகச் சுழல்கிறது. இதுவும் செட்டிங்கா?

கிள்ளான்_வாசி

இது விரல். ஜைரோதான் எதிர்த்திருப்பு போடுகிறது, நீங்களும் சேர்ந்து போட்டால் இரண்டும் மோதும். பக்கம் மாறும்போது ஸ்டியரிங்கைப் புதிய வளைவின் பக்கம் மெதுவாகக் காட்டினால் போதும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டுவிடாதீர்கள். விட்டால் பின்டயர் பிடித்து கார் நேராகிவிடும். லேசாகத் தளர்த்தி, வால் மறுபக்கம் போக ஆரம்பித்ததும் திரும்பக் கொடுங்கள். பயத்தில் மொத்தமாகக் கொடுத்தால்தான் அந்த இரண்டாவது சுழற்சி. இஎஸ்சியில் டிராக் பிரேக் (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) இருந்தால் பூஜ்யமாக்குங்கள், பஞ்ச் (ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் கார் பாயும் வேகம்) இருந்தால் குறையுங்கள், விரலுக்கு வேலை எளிதாகும்.

ஓட்டும் முன் தரையை ஒருமுறை பெருக்கிவிடுங்கள். அந்த பிளாஸ்டிக் டயரில் மண் ஒட்டினால் பிடிமானம் வட்டத்துக்கு வட்டம் மாறும், விரல் பழகவே பழகாது.

சேலம்_ஸ்பீடு

மாமா, என் காரிலும் சர்வோ சேவர்தான் இருக்கிறது. அலுமினிய ஹார்ன் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சோல்டர்_மாமா

உன் சர்வோவில் ஹார்ன் மாட்டும் தண்டின் பல் எண்ணிக்கை. 23, 24, 25 என்று மூன்று விதம் புழக்கத்தில் இருக்கிறது. பெட்டியில் பார்த்துவிட்டு ஆர்டர் போடு.