ஈக்குவடோரியல் மவுண்ட்: ‘புவியச்சுப் பீடம்’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

தொலைநோக்கியைத் தாங்கி, விண்மீனைத் தொடர்ந்தபடி திருப்பும் ‘ஈக்குவடோரியல் மவுண்ட்’ கருவிக்கு ‘நிலநடுக்கோட்டு ஏற்றம்’ என்று ஒரு சொல் புழங்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஐயா நேற்றைய மடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பதில் மொட்டைமாடியிலிருந்து வருகிறது.

தஞ்சாவூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு. தொலைநோக்கியைப் பூட்டப் பழகிக்கொள்ளட்டும் என்று நான் தமிழில் எழுதிவைத்திருந்த குறிப்பை அவனிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனேன். திரும்பி வந்தால் முக்காலி மட்டமாக நிற்கிறது, எதிர்ப்பாரம் மாட்டியாகிவிட்டது, எல்லாம் சரி. ஆனால் அச்சின் சாய்வைக் காட்டும் கோணத்தட்டு, எங்கள் ஊரின் அட்சரேகையான 11 பாகையில் நிற்காமல், சுழியில் நிற்கிறது! “நிலநடுக்கோடுன்னா ஜீரோ டிகிரிதானே அண்ணா?” என்றான். அவன் படித்தது சரி. நான் எழுதிக்கொடுத்த சொல்தான் அவன் கையைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை என்னால் நிம்மதியாக எழுத முடியவில்லை.

இந்தக் கருவி செய்வது ஒரே ஒரு வேலை. பூமி 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றுகிறது. அதனால் வானம் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை நகர்வதாக நமக்குத் தெரிகிறது. நிலா தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம் போதும். உருப்பெருக்கம் கூடிய கண்ணருகு வில்லையில் சனி ஒரு நிமிடத்துக்குள் ஓடி மறைவது இதனால்தான். தொலைநோக்கியின் ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டு, அதை எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழற்றினால் விண்மீன் நின்ற இடத்தில் நிற்கும். ஒரே மோட்டார், ஒரே வேகம். ஆக, பொருளின் உயிர் அச்சில் இருக்கிறது. குழல் வான் நடுவரைக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு) இணையாக நகர்வது அதன் விளைவு மட்டுமே. ஆங்கிலம் விளைவைப் பார்த்துப் பெயர் வைத்தது. ஜெர்மனில் ‘பாராலக்டிஷே மோன்டீருங்’ என்கிறார்கள். அதில் நடுக்கோடே கிடையாது. நாம் மட்டும் ஏன் ஆங்கிலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்?

அடுத்தது ‘ஏற்றம்’. கிணற்றில் நீர் இறைத்த ஏற்றம் ஒன்று. தொடுவானிலிருந்து விண்மீனின் உயரத்தை ஏற்றக்கோணம் என்கிறோம், அது இரண்டு. விண்மீனின் கிழக்கு-மேற்கு இருப்பிடத்தைச் சொல்லும் ‘வல ஏற்றம்’ (ரைட் அசென்ஷன்) மூன்று. இதில் கருவியையும் ஏற்றம் என்றால், “ஏற்றத்தின் ஏற்றத்தை ஏற்று” என்று எழுதவேண்டிவரும். போகிற போக்கில் ஒன்று: ‘வல ஏற்றம்’ என்பதே பிழை. லத்தீனில் அது ‘ரெக்டா’, நேர் என்று பொருள். வலக்கைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

‘துருவத் தாங்கி’ என்று தங்கை ஒருவர் முன்மொழிந்திருந்தார். துருவம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, பாதி வழி வந்துவிட்டோம். ஆனால் துருவம் என்றதும் நம் ஆட்கள் துருவ நட்சத்திரத்தைத் தேடுவார்கள். அந்த மீனே உண்மைத் துருவத்திலிருந்து அரைப் பாகைக்கும் சற்றுக் கூடுதலாக, நிலாவின் அகலத்துக்கும் மேலாக, விலகி நிற்கிறது. தஞ்சாவூரில் அது தொடுவானிலிருந்து 11 பாகைதான் எழும். கையை நீட்டி முட்டி பிடித்தால் 10 பாகை. அந்த முட்டிக்குச் சற்று மேலே. என் மாடியில் அந்த இடத்தில் தென்னை மரம். சிட்னியில் இருப்பவருக்கோ அந்த மீனே கிடையாது, அவர் தெற்கே பார்த்து வைக்கவேண்டும். ‘புவியச்சு’ என்றால் இருவருக்கும் பொருந்தும்.

(மீனைத் தமிழில் ‘வடமீன்’ என்கலாமே என்ற யோசனைக்கும் ஒரு வார்த்தை. சங்கப் பாடலில் வடமீன் அருந்ததி. அதைத் தொடவேண்டாம்.)

நான் முதலில் அனுப்பியது ‘புவியச்சுத் தாங்கி’. சுமைதாங்கி சுமையைத் தாங்கும், இடிதாங்கி இடியைத் தாங்கும், அப்படியானால் இது புவியின் அச்சைத் தாங்குமா என்று ஆசிரியர் ஒருவர் மடக்கினார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நமக்குத் தாங்கி என்றால் அதற்கு முன் நிற்பது தாங்கப்படும் பொருள். எனவே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘புவியச்சுப் பீடம்’ என்பதே இப்போது என் முன்மொழிவு.

பீடம் அசையாதே, இது சுழல்கிறதே என்பீர்கள். உண்மையில் இரவு தொடங்கும்போது நாம் திருகித் திருகிச் சரிசெய்வது அசையாத அடிப்பகுதியைத்தான். வடக்கு பார்க்க ஒரு திருகு, சாய்வுக்கு ஒரு திருகு. சரியானதும் இறுக்கிவிட்டால் விடியும்வரை அதைத் தொடக்கூடாது. பூமியோடு ஒட்டிக்கொண்ட பகுதி அது. பீடம் என்ற சொல் அதற்கு நன்றாகவே உட்காருகிறது.

பெயர்க் குடும்பமும் இதிலிருந்து எளிதாகக் கிளைக்கிறது. ஜெர்மன் கண்ணாடிவில்லைக் கலைஞர் ஃபிரான்ஹோஃபர் 1824-இல் டோர்பாட் (இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து) வானாய்வகத்துக்குச் செய்துகொடுத்த வகை, ஒரு பக்கம் குழல் மறுபக்கம் பாரம்: ஜெர்மானியப் பீடம். இரு கைகளுக்கு நடுவே குழல் தொங்குவது: கவட்டைப் பீடம். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருப்பது குதிரைலாடப் பீடம். மூன்றும் புவியச்சுப் பீடங்களே. பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் மட்டும் திரும்பும் எளிய வகைக்குக் ‘கிடைகுத்துப் பீடம்’ போதும்.

அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தும் வேலையான போலார் அலைன்மென்ட்டுக்கு ‘துருவச் சீரமைவு’ வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கொத்தனார் நூல் பிடிக்கிறார், மட்டம் பிடிக்கிறார். நாமும் ‘அச்சு பிடிப்போம்’. “அச்சு பிடித்தாயிற்றா?” என்று இருட்டில் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள், வாயில் தானாக வரும்.

துருவ மீனைத் தென்னை மறைக்கும் என் போன்றோர், வேறொரு மீன் நழுவுவதைப் பார்த்து அச்சு பிடிக்கும் டிரிஃப்ட் முறைக்கு ‘நழுவல் பார்த்தல்’. உச்சிக்கோட்டருகே (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோட்டருகே), வான் நடுவரையை ஒட்டிய ஒரு மீனைக் குறுக்குக் கம்பியில் வைத்து மோட்டாரை ஓடவிட வேண்டும். மீன் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பார்த்து, ஒரு நூலளவு திருகி, மறுபடி பார்க்கவேண்டும். இது நான் வட அரைக்கோளத்துக்காரர்களுக்குச் சொல்லும் திசை; தெற்கே இருப்பவர்கள் தங்கள் திசையைச் சரிபார்த்து எழுதினால் குறிப்பில் சேர்த்துவிடுவேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 11 பாகைக்கு அச்சு ஏறக்குறைய படுத்துவிடுவதால், எதிர்ப்பாரம் சுற்றிவரும்போது முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறது. பீடத்துக்கும் முக்காலிக்கும் நடுவே ஓர் உருளைத் துண்டு வைத்து உயர்த்தித்தான் தப்பித்தேன். நம் அட்சத்தில் பலருக்கும் இது தேவைப்படும். அந்தத் துண்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்? ‘கழுத்து’ என்று மனதில் ஓடுகிறது. பட்டறை நண்பர்கள் இதுமாதிரித் துண்டை வேறு பெயரில் அழைத்தால் அதையே வைத்துக்கொள்வோம், சொல்லுங்கள்.