பிஷர் (ஆசனவாய் வெடிப்பு): களிம்புக்கு ஆறாவிட்டால் எந்த ஆபரேஷன்?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
தம்பிக்கு வயது 34. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு வெள்ளி வேலை. ஆசனவாயின் பின்பக்க நடுவில் வெடிப்பு, 4 மாதமாகிறது. வெளியே தோல் மடிப்பும் வளர்ந்துவிட்டது. 2% டில்டியாசெம் களிம்பு 8 வாரம் போட்டாச்சு. ஒரு டாக்டர் ஸ்பிங்டரோட்டமி என்கிறார். விளம்பரமெல்லாம் லேசர் என்கிறது. எதற்குப் போவது?

ஏற்காட்டான்:
லேசரா கத்தியா என்பதை விடுங்கள், எதை வெட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஆசனவாயைச் சுருக்கி மூடும் உள்தசை இறுகிக் கிடப்பதால் வெடிப்புக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை, அதனால்தான் ஆறுவதில்லை. மடிப்பை மட்டும் லேசரில் எடுத்தால் இறுக்கம் அப்படியே இருக்கும்.

ஸ்பிங்டரோட்டமியில் அந்த உள்தசையின் கீழ்ப்பகுதியைப் பக்கவாட்டில் வெட்டிவிடுவார்கள். பின்பக்க நடுவில் வெட்டினால் பள்ளம் விழுந்து மலம் கசியும். வெடிப்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவு வெட்டினால் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறிவிடுகிறது. சிலருக்கு வாயு அடக்க முடியாமல் போகலாம். பெரும்பாலும் கொஞ்ச நாளில் சரியாகும், எல்லோருக்கும் அல்ல. இதை ஆபரேஷனுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"விரலால் விரித்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தசை எங்கே, எவ்வளவு கிழியும் என்று யாருக்கும் தெரியாது.

சேர்வராயன்:
பிரசவத்தில் தசை கிழிந்த பெண்கள், வயதானவர்கள், ஏற்கனவே கசிவு உள்ளவர்களுக்கு இதே வைத்தியம் ஆகாது. அவர்களுக்கு, தசையை வெட்டாமல் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உண்டு. ஊசியின் பலன் சுமார் 3 மாதம், பிறகு வெடிப்பு திரும்ப வரலாம். இல்லையென்றால் பக்கத்துத் தோலை நகர்த்தி மூடும் ஃபிளாப்.

இன்னொன்று. வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கத்தி வைக்கக் கூடாது. காசநோய், குரோன்ஸ் (குடல் அழற்சி நோய்), எச்ஐவி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கொலுசுப்பட்டறை:
நன்றிங்க. எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது?

ஏற்காட்டான்:
பெரும்பாலும் ஒரு வாரம்; வெட்டின இடம் முழுதாக ஆற இன்னும் சில வாரம். சம்மணத்தில் ஒரே இருப்பாக இல்லாமல் நடுநடுவே எழுந்து நடக்கட்டும். தினம் 2, 3 தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் 10-15 நிமிடம் உட்கார வேண்டும். டெட்டால் ஊற்ற வேண்டாம், எரியும். மலத்தை இளக்கும் இசப்கோல் நார்த்தூள் 2 ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் அதுவே கட்டிப்போகும். டிராமடால் மாத்திரை மலத்தை இறுக்கும், வேறு கேட்டு வாங்குங்கள்.

ஏற்காடு மலைமேல் இருப்பவர்கள் முதல் ராத்திரி சேலத்திலேயே தங்கிவிடுங்கள். மரத்துப்போக முதுகில் போடும் ஊசிக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது பெரும்பாடு.