மடற்குழுவுக்கு விதி எழுதச் சொல்லிவிட்டார்கள், எதை வைப்பது எதை விடுவது?

தேன்சிட்டு:
பழைய புத்தகங்களைப் பற்றி மின்னஞ்சலில் பேசுகிற ஒரு மடலாடற்குழுவில் இருக்கிறேன், ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும், சுமார் 140 பேர். ஆறு வருடமாக விதி என்று எதுவும் இல்லாமலே ஓடியது. போன மாதம், ஒரு புத்தகத்தின் முதல் பதிப்பு எந்த வருடம் என்று இருவருக்குள் ஆரம்பித்த பேச்சு இரண்டே நாளில் 'உமக்கு என்ன தெரியும்' வரைக்கும் போய், சமாதானம் சொல்ல வந்தவர்களும் அதில் மாட்டிக்கொண்டு, கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேர் சத்தமில்லாமல் விலகிவிட்டார்கள். விலகியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பேச்சு இழையில் வாயே திறக்காதவர்கள், அதுதான் உறுத்துகிறது. இப்போது விதி எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்தால் 31 விதி வந்து நிற்கிறது. எனக்கே படிக்கப் பொறுமை இல்லை. எதைத் தூக்கலாம்?

கடலோடி:
முக்கால்வாசியைத் தூக்குங்கள். 31 விதியை யாரும் சேரும்போது படிப்பதில்லை, சண்டை வந்த பிறகு எதிராளியை மாட்டிவிடத் தேடிப் படிப்பார்கள். 'மரியாதையாகப் பேசவும்' என்று மொட்டையாக எழுதுவதும் வீண், தான் மரியாதையாகத்தான் பேசினோம் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். கருத்தை மறுக்கலாம், ஆளின் படிப்பையோ வயதையோ நோக்கத்தையோ இழுக்கக் கூடாது என்று எழுதினால் எது மீறல் என்று எவருக்கும் தெரியும்.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்கிற இணைய நாகரிகக் குறிப்பிலேயே பாதி இருக்கிறது: கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு தள்ளி அனுப்பு, ஒருவரோடு மட்டும் வாக்குவாதம் என்றால் தனிமடலுக்குப் போ, புதிதாகச் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதம் படித்துவிட்டு எழுது. கடைசியை இன்றைக்கு யாரும் கேட்க மாட்டார்கள், விட்டுவிடலாம். முதல் இரண்டும் இருந்திருந்தால் உங்கள் பதிப்புச் சண்டை அன்றே அடங்கியிருக்கும்.

இரவுப்பணி:
நான் வேறு பக்கமிருந்து சொல்கிறேன். நீங்கள் விதி என்று நினைப்பதில் நிறைய வெறும் அமைப்பு வேலை. முதலில் ரிப்ளை-டு, அதாவது பதில் மடல் போய்ச் சேரும் முகவரி, என்னவென்று பாருங்கள். பதில் பொத்தானை அழுத்தினால் குழுவுக்கே போகும்படி வைத்திருந்தால், ஒருவருக்கு மட்டும் என்று நினைத்து எழுதிய புலம்பல் 140 பேருக்கும் போய்ச் சேரும். எனக்கு அது நடந்திருக்கிறது, விவரம் வேண்டாம். எழுதியவருக்கு மட்டும் போகும்படி வைத்தால் நல்ல பதில்கள் குழுவுக்கு வராமலே போகும். எதை வைத்தாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விலகும் வழி. அதை ஒவ்வொரு மடலின் அடியிலும் போடுங்கள். இல்லையென்றால் 'என்னை நீக்குங்கள்' என்று குழுவுக்கே எழுதுவார்கள், அதற்கு நாலு பேர் 'என்னையும்' என்பார்கள். 1997-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள்ளேயே இதுதான் நடந்தது. சுமார் 13,000 பேர் இருந்த ஒரு பட்டியலில் இப்படி ஒருவர் எழுதப்போய், 'நானும்', 'எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்' என்று ஆளாளுக்கு எல்லோருக்கும் பதில் போட்டதில் அவர்கள் மின்னஞ்சல் வழங்கிகளே (சர்வர்கள்) திணறிவிட்டன. புதியவர்களின் முதல் இரண்டு மூன்று மடல்களை மட்டுறுத்தி, அதாவது நிர்வாகி பார்த்த பிறகே, குழுவுக்கு விடுங்கள், விளம்பரக்காரர்கள் பெரும்பாலும் அங்கேயே சிக்குவார்கள். பழைய மடல்கள் வெளியாருக்குத் தெரியுமா என்பதையும் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம்பிறை:
எல்லாம் சரி, மட்டுறுத்துநரே சண்டையில் இறங்கினால் யார் கேட்பது? நான் இருந்த ஒரு குழு உடைந்ததே அதனால்தான். விதி அருமையாக இருந்தது, ஆனால் நிர்வாகியின் நண்பர் மீறினால் 'கவனிக்கிறேன்' என்பார், மற்றவர் மீறினால் மறுநாளே நீக்கம். ஆகவே குறைந்தது இரண்டு மட்டுறுத்துநர், தான் பேசிய இழையில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. கண்டிப்பதைத் தனிமடலில் செய்யுங்கள், குழுவில் வைத்து ஒருவரைத் திட்டினால் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே இன்னும் பத்து மடல் எழுதுவார். தனிமடலுக்கும் கேட்கவில்லை என்றால் இரண்டு வாரம் அவர் மடல்களை மட்டும் பார்த்து அனுப்புங்கள். நீக்கம் கடைசி.

இன்னொன்று, தனிமடலில் வந்ததை எழுதியவரைக் கேட்காமல் குழுவில் ஒட்டக் கூடாது. அதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

கடலோடி:
தனிமடல் கண்டிப்பில் ஒரு சிக்கல், பார்க்கிறவர்களுக்கு யாரும் ஒன்றும் செய்யாத மாதிரி தெரியும். இவர் குழுவில் சத்தமில்லாமல் போனவர்கள் அதனால்கூடப் போயிருக்கலாம். 'இந்த இழையை இதோடு நிறுத்துகிறோம்' என்று பெயர் சொல்லாமல் ஒரு வரி குழுவிலும் வர வேண்டும்.

மூன்றாம்பிறை:
அது நியாயம், சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு:
31 ஏழாகிவிட்டது. தலைப்பு மாறினால் புது இழை, பதில் எழுதும்போது பழைய மடல் முழுவதையும் வாலாகத் தொங்கவிடாமல் வெட்டுவது, இந்த இரண்டையும் விதியாக வைக்காமல் வேண்டுகோளாக வைத்தேன், இதற்கெல்லாம் யாரையும் நீக்கப் போவதில்லையே. ரிப்ளை-டு குழுவுக்கே போகிறது என்று இப்போதுதான் பார்த்தேன். ஆறு வருடமாக இது யாருக்கும் தெரியாது.

வரைவை நேற்று குழுவில் போட்டேன். சண்டை போட்ட இருவரில் ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார், விதி முன்தேதியிட்டு அமலாகுமா என்று. ஆகாது என்று எழுதியிருக்கிறேன். பதிப்பு எந்த வருடம் என்பது இன்னும் முடிவாகவில்லை.