போருக்குப் போய் வந்த அண்ணன் மறுபடி பங்க் ராக் இசை கேட்கிறார், விடலாமா?

மேரிலாந்து_தங்கை:
அண்ணன் ஈராக்கில் இருந்தவர், 2003-04. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஃபுகாசி, மைனர் த்ரெட் என்று வாஷிங்டன் பங்க் குழுக்களின் கேசட்டுகளே கதி என்று கிடப்பார். பட்டாளத்தில் சேர்ந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. திரும்பி வந்த பிறகு காரில் ரேடியோகூடப் போட விடமாட்டார். சில மாதங்களாக அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரியில் கராஜில் சத்தமாகக் கேட்கிறார், நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி, முதலிலிருந்து போடுகிறார். கோபத்தைக் கிளறிவிடுமோ என்று அண்ணிக்குப் பயம். எனக்கு வேறு குழப்பம்: போரையும் அரசாங்கத்தையும் திட்டுகிற இந்தப் பாட்டில் இவருக்கு என்ன கிடைக்கிறது? கேட்டால் "சும்மா" என்கிறார். ஒரு கச்சேரிக்கு வா என்று என்னையும் கூப்பிடுகிறார். போகலாமா?

பழைய_கேசட்:
தாராளமாகப் போங்கள். பங்க் என்றாலே ஒரே கட்சி என்று நினைக்க வேண்டாம். ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் கிதார்காரர் ஜானி ரமோன், 2002இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் வாங்கிய மேடையிலேயே அப்போதைய ஜனாதிபதி புஷ்ஷை வாழ்த்தினார். அடுத்த இரண்டே வருஷத்தில், 2004இல், அதே புஷ்ஷுக்கு எதிராக பங்க் குழுக்கள் சேர்ந்து இரண்டு தொகுப்பு ஆல்பம் போட்டன. உங்கள் அண்ணன் ஈராக்கில் இருந்த சமயம் அது, ஊரில் யார் என்ன பாடினார்கள் என்பது அவர் காதுக்கு எட்டியிருக்குமா என்ன!

இன்னொன்று, அவர் வளர்ந்த வாஷிங்டன் பங்க் வெறும் கத்தல் இல்லை. 21 வயது ஆகாத பையன்களையும் உள்ளே விட வேண்டும் என்று அங்கே பிடிவாதமாக நின்றார்கள். மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கையில் கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு விடுவார்கள், பிறகு அதையே குடிக்காதவர்கள் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். ஃபுகாசி கச்சேரிக்கு அன்று டிக்கெட் 5 டாலர்தான். கூட்டத்தில் அடுத்தவனை இடித்து மிதித்தால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, காசைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இப்படி ஒரு ஒழுங்கில் வளர்ந்த பையன் அப்புறம் பட்டாளத்துக்குப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் பையனைத்தான் இப்போது தேடுகிறார் என்று தோன்றுகிறது.

காது_முக்கியம்:
தத்துவம் எல்லாம் சரி, முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு வாங்கும் குறைகளில் முதலிடம் காதிரைச்சலுக்குத்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் கணக்கு, சின்ன ஹாலில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இசைக்காரர்கள் போடும் ஃபில்டர் வைத்த காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் மழுக்காது. கராஜிலும் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

முகமூடி77:
நான் அண்ணி பக்கம். தூக்கம் கெடுகிறதா, குடி கூடுகிறதா, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள்.

மேரிலாந்து_தங்கை:
குடிப்பதே இல்லை. தூக்கம் முன்பைவிடப் பரவாயில்லை என்று அண்ணியே சொல்கிறார். கூட்டம்தான் அவருக்கு ஆகாது.

பழைய_கேசட்:
அப்படியானால் முன்வரிசை வேண்டாம், கதவு தெரிகிற மாதிரி சுவரோரம் நில்லுங்கள். நடுவில் கிளம்பலாம் என்றால் ஏன் என்று கேட்காமல் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, ஃபுகாசியின் நூற்றுக்கணக்கான கச்சேரிப் பதிவுகளை அவர்கள் ஆல்பங்களை வெளியிட்ட டிஸ்கார்ட் நிறுவனமே தேதி, ஊர் வாரியாக இணையத்தில் போட்டிருக்கிறது. சின்ன வயதில் அவர் நேரில் பார்த்த கச்சேரி எது என்று கேட்டுப் பாருங்கள், அதுவே கிடைத்தாலும் கிடைக்கும். "சும்மா" என்பதற்கு மேல் நாலு வார்த்தை பேசுவார்.