மட்கும் மூடாக்குப் படலம்: மட்குகிறதா, நொறுங்குகிறதா?

மிளகாய்ப்பாத்தி (பாலிக் பூலாவ், பினாங்கு):
வணக்கம். மிளகாய்ப் பாத்தியில் விரித்த மட்கும் படலம். உறையில் மாவுச்சத்து, பி.பி.ஏ.டி. (வளையும் மட்கும் நெகிழி), பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமில நெகிழி) கலவை, ஈ.என். 13432 (ஐரோப்பியத் தர எண்) என்று போட்டிருக்கிறது. அறுவடைக்குப் பின் 10 செ.மீ. ஆழத்தில் உழுது புதைத்து 4 மாதம். மொறுமொறு என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. கழுவி எடை போட்டால் கால்பங்கு குறைவு. மட்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பலபடி:
முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். 13432 பொதி உறைகளுக்கானது. அதன் சோதனை தொழிற்சாலை உரக்குவியலின் 58 டிகிரியில் நடக்கிறது. மண்ணில் விடும் மூடாக்குப் படலத்துக்கு வேறு தரம்: 2018இல் வந்த ஈ.என். 17033. அதில் 25 டிகிரியை ஒட்டிய மண்ணில் 2 ஆண்டுக்குள் 90 விழுக்காடு மட்க வேண்டும். முதலாவதில் தேறியது இரண்டாவதில் தேறும் என்று பொருளில்லை.

கலவை ஒரே பொருளாக மட்காது. மாவுச்சத்துதான் முதலில் போகும், சில வாரங்களிலேயே. அது போன இடத்தில் துளை விழுந்து, நுண்ணுயிர் உள்ளே புக வழி கிடைக்கும். ஆனால் மாவுச்சத்து குறைவாக இருந்தால் தனித்தனித் தீவுகளாய் மற்றவற்றுக்குள் சிறைப்பட்டுவிடும், நொதி எட்டாது. அடுத்தது பி.பி.ஏ.டி.: அதன் சங்கிலியில் அடிப்பிக் அமிலப் பகுதியை நொதிகள் சுலபமாக வெட்டும், டெரெஃப்தாலிக் அமிலப் பகுதியை மெதுவாகத்தான். பி.எல்.ஏ. கடைசி. அதை முதலில் தண்ணீர்தான் சிறு சங்கிலிகளாக உடைக்க வேண்டும், பிறகே நுண்ணுயிர் தின்னும். 55–60 டிகிரிக்குக் கீழே அது கண்ணாடிபோல் இறுகியிருப்பதால் அந்த உடைப்பு ஆமை வேகம். நம் ஊர் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் 10 செ.மீ. ஆழத்தில் 58 வராது.

உங்கள் கால்பங்கு பெரும்பாலும் மாவுச்சத்தும், அதை மென்மையாக்கக் கலந்த கிளிசரினும். கிளிசரின் மழையில் கரைந்தே போய்விடும். மொறுமொறுப்பது பி.எல்.ஏ. மிகுந்த எலும்புக்கூடு.

மண்புழு:
எடையை நம்பும் முன் கழுவிய முறையையும் பாருங்கள். களிமண் துளைக்குள் புகுந்தால் எடை ஏறும், துண்டு தொலைந்தால் இறங்கும். 5×5 செ.மீ. துண்டுகளை 1 மி.மீ. கண்ணுள்ள நைலான் வலைப்பையில் போட்டுப் புதையுங்கள். கூடவே ஒப்பிட, எளிதில் மட்கும் வடிதாள் ஒரு பை, மட்காத சாதா பாலிதீன் ஒரு பை. வடிதாளே மட்கவில்லையென்றால் குறை மண்ணில்தான்: தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் இருக்கலாம், பி.எச். 5க்குக் கீழே, அதாவது புளிப்பு மிகுந்து இருக்கலாம். கழுவிய துண்டை 40 டிகிரியில், எடை மாறாத வரை உலர்த்துங்கள். 60க்கு ஏற்றினால் பி.எல்.ஏ. சுருண்டுவிடும்.

பலபடி:
அதுவும் நொறுங்கலைத்தான் காட்டும்; வலைக்கண் வழியே போன துகளும் “மட்கியது” கணக்கில் சேர்ந்துவிடும். மட்கியதற்குச் சாட்சி கார்பன் டை ஆக்சைடு. 2 லிட்டர் மூடிப் புட்டியில் 300 கிராம் ஈரமண், நறுக்கிய படலம் 1 கிராம், உள்ளே சிறு குவளையில் அந்த வாயுவைப் பிடிக்கும் காரமாக 0.5 நார்மல் (செறிவு அளவு) சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. படலம் இல்லாத மண் புட்டி ஒன்றும் கட்டாயம், அதன் அளவைக் கழிக்க வேண்டும். பிடித்த வாயுவை வீழ்படிவாக்கப் பேரியம் குளோரைடு சேர்த்து, மீந்த காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளவிடுங்கள். 20 மி.லி. காரம் அதிகபட்சம் 220 மி.கி. வாயுவைத்தான் பிடிக்கும், பாதி தீருமுன் மாற்றுங்கள், அப்போதே மூடியைத் திறந்து காற்றும் விடுங்கள். ஒரு கிராம் முழுதும் மட்கினால் மாவுச்சத்து 1.63, பி.எல்.ஏ. 1.83, பி.பி.ஏ.டி. சுமார் 2.3 கிராம் வாயு தரும்.

மிளகாய்ப்பாத்தி:
நன்றி. கிடக்கும் துண்டுகளை என்ன செய்ய? வீட்டு உரத்தொட்டியில் போடலாமா?

மண்புழு:
சிறு தொட்டியில் சூடு நிற்காது. ஒரு கன மீட்டருக்குக் குறையாத குவியல் வேண்டும்: காய்ந்த இலை, மரத்தூளோடு கோழி எரு. பிழிந்தால் ஓரிரு சொட்டு வடியும் ஈரம். நடுவில் வெப்பமானி செருகி, 55க்கு மேல் நிற்கும்வரை துண்டுகளை நடுப்பகுதியிலேயே வையுங்கள். புரட்டும்போது ஓரத்துக்கு வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளுங்கள். சூடு இறங்கினால் கோழி எரு சேர்த்துப் புரட்டுங்கள். கடைசியில் 2 மி.மீ. சல்லடையில் சலித்து, தங்கியதை அடுத்த குவியலில் போடுங்கள்.