கணவாயின் பூ (செவுள்) இதயத்துக்குச் செல்லும் நரம்பைப் பிரித்துக் காட்ட உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் நான், வாழைச்சேனையில் வாங்கிய ஊசிக்கணவாயை வெட்டிக் காட்டும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடைப்படுகிறேன்.

உடலைப் போர்த்திருக்கும் தசைப் பையான மென்மூடியை வயிற்றுப்புறமாகப் பிளந்தவுடன் இரண்டு பூக்களும், அவற்றின் அடியில் குருதியைப் பூக்களுக்குள் செலுத்தும் இரண்டு பூ இதயங்களும், நடுவே உடலெங்கும் குருதியை அனுப்பும் மூன்றாவது இதயமும் தெரிகின்றன. மூடியின் உட்சுவரில் உடுவடிவத் திரட்டும் (நட்சத்திர வடிவ நரம்புக்கல முடிச்சு) அதிலிருந்து விசிறிபோல் பிரியும் நரம்புகளும்கூட வெறுங்கண்ணுக்கே தென்படுகின்றன. தொலைவிலுள்ள தசைக்குப் போகும் இராட்சத நரம்பிழை கூடுதலாகத் தடித்திருப்பதால் கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின்சைகை) அங்கு விரைந்து சென்று, மூடி முழுவதும் ஏறத்தாழ ஒரே கணத்தில் சுருங்குகிறது என்று விளக்கியபோது பிள்ளைகள் வியந்துபோனார்கள். உடற்றொழிலியலாளர்களான ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட கணத்தாக்க விளக்கத்துக்கு ஆதாரமாக இருந்ததும் இந்த இழைதான்.

ஆனால், மூளையிலிருந்து இறங்கும் அகவுறுப்பு நரம்பைப் பின்தொடர்ந்து போனால், பூ இதயத்தை ஒட்டிய சிறு திரட்டை அது அடையும் இடத்தைத் தவறவிட்டுவிடுகிறேன். ஐஸில் கிடந்த கணவாயின் இழையம் வெளிறிச் சளிபோல் ஒட்டிக்கொள்வதால், ஊசிமுனையால் விலக்கும்போதே நரம்பு அறுந்துவிடுகிறது.

இழையத்தை இறுக்க போமலினா அற்ககோலா நல்லது, எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், மெதிலீன் நீலச் சாயம் இங்கே பயன்படுமா என்பதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நீங்களே எடுத்த படம் இருந்தால் அது மிகப் பெரிய உதவியாக இருக்கும்.